முனியாண்டி மட்டத்தில் நிற்காத வேன்

ஹந்தானை மலையிலிருந்து கண்டிக்கு இறங்குகிற பாதையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு மட்டமான இடம் இருக்கிறது. அங்கே மரத்தடியில் முனியாண்டி இருக்கிறார். கல்தான், ஆனால் சந்தனம் பூசி, சிவப்புத் துணி கட்டி, பக்கத்தில் சூலம் நட்ட கல். அந்த மட்டத்தோடு சமதரை முடிந்துவிடும். அதற்குக் கீழே டவுன் வரைக்கும் இறக்கம்தான், கொண்டை ஊசியாய்த் திரும்பும் முடக்குக்கு மேல் முடக்கு. லயத்து வண்டிக்காரன் எவனும் முனியாண்டிக்கு முன்னால் வண்டியை நிறுத்தாமல் இறங்க மாட்டான். பொழுதிருக்கிறவன் இறங்கிச் சூடம் கொளுத்துவான். அவசரக்காரன் உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டு, திருநீற்றை நெற்றியில் இழுத்துக்கொண்டு, முதல் கியரைப் போட்டு மெதுவாக இறங்குவான். யார் தொடங்கிவைத்த வழக்கமோ, யாருக்கும் தெரியாது.

அழகர் அந்த வழக்கத்தை விட்டார். பக்தி குறைந்து விடவில்லை. டீசலை மிச்சம் பிடிக்க விட்டார்.

உடனே மனுஷனைக் கஞ்சன் என்று நினைத்துவிடக் கூடாது. மேல் லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்த தாய் வளர்த்து, பதினாறு வயதில் தோட்டத்து லொறியில் கிளீனராக ஏறியவர் அவர். லைசென்ஸ் எடுத்து, கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடைக்குச் சாமான் ஏற்றி, கல்யாணம் முடித்து, கடைசியில் பழைய டொல்பின் வேன் ஒன்றை வாங்கி, லயத்துப் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றத் தொடங்கினார். ஒரு பிள்ளையை அதட்டியதில்லை. வேலை நாளில் குடித்ததில்லை. “அழகர் வேன்ல போகுதா? அப்ப கவலையில்ல” என்று தாய்மார் சொல்லிவிட்டுக் கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டு போவார்கள். மலையில் ஒரு மனுஷனுக்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது.

அப்படிப்பட்டவரை ஒரு வருஷம் கெடுத்தது. நாடே எண்ணெய் வரிசையில் நின்ற அந்த வருஷம். அழகரின் வேனும் கண்டி வாவிக் கரையோரம் வரிசையில் நின்றது. எஞ்சினைப் போட்டால் உள்ள சொட்டும் தீர்ந்துவிடும் என்று முன்னால் ஒரு வண்டி நகரும்போதெல்லாம் இறங்கித் தோளைக் கொடுத்துத் தள்ளினார். உண்டு உறங்கியது எல்லாம் வேனுக்குள்தான். ஒரு வழியாகப் பெற்றோல் செட் வாசலை எட்டி, அவருக்கு முன்னால் ஒரே ஒரு வண்டி நின்றபோது, செட்டுப் பையன் வந்து ‘டீசல் முடிந்தது’ என்று பலகையைத் தொங்கவிட்டான். அழகர் ஸ்டேரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதார். அது மனைவி கலாராணிக்குக்கூடத் தெரியாது. மகள் டிலானிக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் போக வண்டியில்லாமல் அவளும் வீட்டில்தான் கிடந்தாள்.

பிறகு எண்ணெய் வந்தது. வரிசை கலைந்தது. ஊர் மறந்துபோனது. அழகருக்குத்தான் மறக்கவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். இவர் கண்ணோ எண்ணெய் முள்ளை விட்டு நகரவில்லை.

அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூட வேன்காரர்களின் சங்கம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டது. எண்ணெயை எப்படி மிச்சம் பிடிப்பது என்று சொல்லித்தர துஷானி என்று ஒரு மிஸ் வந்திருந்தார். சின்ன உருவம், கணீரென்ற குரல்.

“பெருசா ஒன்னும் செய்ய வேணாம். பழக்கத்தைக் கொஞ்சம் மாத்தினாப் போதும்” என்றார். “தூங்குற பிள்ளை நெஞ்சுல கை வைக்கிற மாதிரி ஆக்சிலேட்டர்ல கால வைங்க. டயருக்கு வாரத்துக்கு ஒருக்கா காத்துப் பாருங்க. வேண்டாத பாரத்தை எறக்குங்க. ஸ்கூல் கேட்டுக்கிட்ட காத்துக்கிட்டு நிக்கும்போது எஞ்சினை அணைங்க.”

கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். “இறக்கத்துல நியூட்டல்ல விடுறவங்க இருக்கீங்களா?”

ஒரு கையும் எழும்பவில்லை. சிரிப்பு மட்டும் வந்தது.

“விடாதீங்க. கியர்ல எறங்கினா எஞ்சினே வண்டியைப் புடிச்சுக்கும், எண்ணெயும் செலவாகாது. நியூட்டல்ல விட்டா எஞ்சின் சும்மா ஓடவே எண்ணெய் குடிக்கும். சாவியையே அணைச்சிட்டீங்களோ, பிரேக் ரெண்டு மிதி, மூனு மிதிதான் கேக்கும். அதுக்கப்புறம் கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கும். சொல்லிட்டேன்.”

மற்றவர்கள் தேநீருக்கு எழுந்துவிட்டார்கள். அழகர் உட்கார்ந்தே இருந்தார். வேண்டாம் என்று மிஸ் சொன்னதிலிருந்தே அவர் வழியைக் கண்டுபிடித்துவிட்டார். நியூட்டலில் விட்டால் எஞ்சின் குடிக்கும், அணைத்துவிட்டால் குடிக்காது. மூன்று மிதியாம். இந்த மலையை உள்ளங்கைபோல் தெரிந்தவனுக்கு மூன்று மிதி போதாதா? கியரில் இறங்கினாலே எண்ணெய் செலவாகாது என்று அதே வாய் சொன்னதை மட்டும் வசதியாக விட்டுவிட்டார். எஞ்சின் சத்தம் கேட்கிற வரைக்கும் எண்ணெய் போகிறது என்றுதான் வரிசையில் நின்ற அந்த மனசு நம்பியது.

முதலில் நல்லதையெல்லாம் செய்தார். பின்சீட்டுக்கு அடியில் கிடந்த பழைய இரும்பைக் கழற்றினார். பாட்டுப்பெட்டியை இறக்கியபோது பிள்ளைகள் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். காற்றுப் பார்த்தார், காலை மெதுவாக வைத்தார். அதோடு நின்றிருந்தால் அவரைப் பற்றிச் சொல்ல ஒரு கதையும் இருந்திருக்காது. ஆனால் ஆசை யாரை விட்டது? லயத்திலிருந்து உருட்டிவிட்டு, சாவியைப் பின்னுக்குத் திருப்பி, அந்த வேகத்திலேயே மட்டத்தைத் தாண்டினால் டவுன் வரைக்கும் எஞ்சினே வேண்டாம். முனியாண்டிக்கு நின்றால்தான் வேகம் செத்து மறுபடி சாவி போட வேண்டியிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை தனியே நடந்து வந்து, தேங்காய் உடைத்து, கல்லுக்கு முன்னால் நின்று சொன்னார். “ஒங்கிட்ட மறைக்க என்னா இருக்கு? வெள்ளிக்கு வெள்ளி நடந்து வந்து சூடம் கொளுத்திர்றேன். வண்டியோட நிக்க மட்டும் சொல்லாத.” முனியாண்டி ஒன்றும் சொல்லவில்லை. அழகர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

சங்கம் போட்டியும் வைத்திருந்தது. குறைந்த எண்ணெயில் கூடிய தூரம் ஓடியவர் அழகர்தான். மாலை போட்டார்கள், சோறு வேகவைக்கிற மின்சாரக் குக்கர் ஒன்றைக் கொடுத்தார்கள். கலாராணி அதைப் பெட்டியோடு அலுமாரிக்கு மேலே வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். அவளுடைய தம்பி பிரதீஸ் அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தான். அவனும் அதே மலையில் அதே தொழில். லீசிங்கில் எடுத்த புது வேன். ஏற்றுவது முதலாம் ரெண்டாம் வகுப்புப் பொடிசுகள். மச்சானுக்கும் மச்சானுக்கும் எப்போதும் ஒரு கேலிப் போட்டி.

“எப்புடி மச்சான்? டாங்கில தண்ணி கலந்தீங்களா?” என்று பௌர்ணமிக்கு விடுமுறை விட்ட ஒரு போயா நாள் சாப்பாட்டில் கேட்டான்.

அழகருக்கு நாக்கு அடங்கவில்லை. சாவியைச் சொன்னார், மட்டத்தைச் சொன்னார், எந்த முடக்கில் எந்த மிதி என்று சோற்றுத் தட்டிலேயே விரலால் பாதை கிழித்துக் காட்டினார். “ரெண்டாவது முடக்குக்கு ஒன்னு, மூனாவதுக்கு ஒன்னு, கீழ பாலத்துக்கிட்ட ஒன்னு. நிக்காமலே கும்பிட்டுக்கடா, சாமி கோவிச்சுக்க மாட்டாரு.”

பிரதீஸ் அடுத்த வாரமே தொடங்கிவிட்டான்.

அதற்குப் பிறகு மலையில் ஒரு மாற்றம் வந்தது. காலையில் லயத்து வேன்கள் இறங்கும் இரைச்சல் நின்றுபோனது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து வெறும் டயர் உரசல் மட்டும் வரும். வந்தது தெரிவதற்குள் தாண்டிப்போயிருக்கும். இரண்டாவது முடக்கில் எப்போதும் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். எஞ்சின் சத்தம் கேட்டு எழுந்து ஒதுங்கியே வயசான நாய். ஒரு நாள் அது எழுந்திருக்கவில்லை. சக்கரம் ஏறி இறங்கியது பிள்ளைகளுக்குத் தெரிந்தது. அழகர் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு நிற்காமல் போனார். நின்றால் சாவி போட வேண்டும்.

இன்னொரு நாள், விறகுக்கட்டோடு வந்த ஒரு பெண் கடைசி நொடியில் பார்த்துப் பாதையோர வடிகானுக்குள் குதித்தாள். “எமன் மாதிரி சத்தமில்லாம வர்றியே, பாவி! பிள்ளைங்கள வச்சிக்கிட்டா இப்புடி வர்ற!” என்று அவள் கத்தியது நெடுநேரம் காதிலேயே இருந்தது. அழகருக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆனாலும் மறுநாள் சாவியைத் திருப்பத்தான் செய்தார். முள் அசையாமல் நிற்பதைப் பார்க்கிற சுகம் அப்படி.

டிலானி முன்சீட்டில்தான் உட்காருவாள். பதின்மூன்று வயது, கண்ணில் படுவதை விடமாட்டாள். “அப்பா, மூனாவது முடக்குல ஒங்க கால் நடுங்குது” என்றாள் ஒரு நாள்.

“குளிரு.”

“எனக்குக் குளிரலையே.”

அவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை. விடிந்தும் விடியாத மழை. மட்டத்தைத் தாண்டிய வேன் சத்தமில்லாமல் இறங்கியது. முதல் முடக்குக்கு முன்னால் ஒரு மாடு குறுக்கே வர, வழக்கமில்லாத இடத்தில் ஒரு மிதி செலவாகிப்போனது. இரண்டாவது முடக்கில் அடுத்தது. மூன்றாவது முடக்கைத் திரும்பினால், பாதையை அடைத்துக்கொண்டு ஒரு மரலொறி திருப்ப முடியாமல் நிற்கிறது.

அழகர் மிதித்தார். வேகம் கொஞ்சம்தான் குறைந்தது. மறுபடி மிதித்தார். கல். சீட்டை விட்டு எழுந்து உடம்புப் பாரம் முழுவதையும் அந்தக் காலில் போட்டார். அசையவில்லை. சாவியைத் திருப்பலாம் என்றால் ஸ்டேரிங்கை விட ஒரு கை இல்லை. அதுவும் இரும்பாய் இறுகிக் கிடந்தது. லொறியின் பின்பலகையில் இருந்த மரச்சிராய் கண்ணுக்குத் தெரிகிற தூரம். டிலானி இரண்டு கையையும் முன்னால் ஊன்றிக்கொண்டு, “அப்பா!” என்றாள். அந்தக் குரல்தான் அவர் கையை ஹேண்ட் பிரேக்குக்குக் கொண்டுபோனது. வேன் வாலை ஆட்டி, மலைப்பக்க மண்ணில் உரசி, லொறிக்கு ஒரு கை இடைவெளியில் நின்றது.

பின்னாலிருந்த பிள்ளைகள் விழுந்து எழும்பி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து சிரித்தார்கள். விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள். அழகர் சாவியைப் போட்டார். முதல் தடவை எஞ்சின் பிடிக்கவில்லை. பிடித்தபோது அந்த இரைச்சல் அவருக்குத் தாய் கூப்பிடுகிற மாதிரிக் கேட்டது. அத்தனை பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, வாவிக் கரையில் வேனை ஓரம் கட்டி, வாந்தி எடுத்தார்.

அன்றோடு விட்டார். வெள்ளிக்கிழமை காலையில் முனியாண்டிக்கு முன்னால் வேன் பழையபடி நின்றது. நிறுத்தும்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. இந்த மட்டத்தில் நிற்கிறவனுக்குத் தன் பிரேக் பிடிக்கிறதா இல்லையா என்று இங்கேயே தெரிந்துவிடும். பிடிக்காவிட்டாலும் சமதரை, வண்டி தானாக ஓய்ந்துவிடும். இத்தனை காலமும் எல்லோரும் கும்பிட்டுக்கொண்டே அதைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அந்த நேரம் பின்னாலிருந்து பிரதீஸின் வேன் சத்தமில்லாமல் வந்து, வேகம் குறையாமலே பக்கத்தில் கடந்தது. “என்னா மச்சான், நின்னுட்டீங்க? வேண்டுதலா?” என்று தலையை நீட்டிக் கத்தினான்.

உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அந்த ஒரு நொடியில் மாலை, குக்கர், சோற்றுத் தட்டில் கிழித்த பாதை எல்லாம் குறுக்கே வந்து நின்றன. பயந்துவிட்டேன் என்று இவனிடமா?

“ஆமாடா, டிலானி சோதனை பாஸாகணும்னு நேர்த்தி!” என்றார்.

வேன் கீழே போய்விட்டது. சாமி பேரில் சொன்ன பொய் வாயில் கசந்தது. டிலானி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “மாமாகிட்ட ஏன் சொல்லல?”

“சொல்றேன். நேரம் பாத்து ஆறுதலா சொல்லணும்.”

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் அவரைப் பேசச் சொன்னார்கள். காற்றைப் பற்றிப் பேசினார், பாரத்தைப் பற்றிப் பேசினார், காலை மெதுவாக வைப்பதைப் பற்றி மிஸ்ஸைவிட நன்றாகவே பேசினார். பின்வரிசையிலிருந்து ஒருவர், “எறக்கத்துல எப்புடி அண்ணே?” என்று கேட்டார். அங்கே சொல்லியிருக்கலாம்.

“அது அவங்கவங்க கெட்டித்தனம்” என்றார் அழகர்.

எல்லோரும் சிரித்தார்கள். கூடச் சிரித்தவன் பிரதீஸ். துஷானி மிஸ் மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அழகர் அந்தப் பக்கம் பார்க்காமல் வந்து உட்கார்ந்தார்.

டிலானி ஒவ்வொரு நாளும் கேட்டாள். சோறு போடும்போது கேட்டாள், வேனில் ஏறும்போது கேட்டாள். “நீங்க சொல்லாட்டி நான் சொல்லவா?” என்றபோது மட்டும் அழகர் குரலை உயர்த்தினார். “பெரியவங்க விசயத்துல தலைய போடாத!” அவளை அவர் அதட்டியது அதுதான் முதல் தடவை. அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அழகருக்கும் அது நிம்மதியாக இருந்தது. பிரதீஸ் கெட்டிக்காரன்தானே, புது வண்டிதானே, மழை விட்டதும் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டார்.

மழை விடவில்லை. அடுத்த புதன்கிழமை பனி வேறு இறங்கி, பத்தடிக்கு அப்பால் தேயிலை தெரியவில்லை. அழகர் மட்டத்தில் வேனை நிறுத்தி, இறங்கி, சூடத்தைக் கொளுத்தக் குனிந்திருந்தார். ஈரத்தில் நெருப்பு பிடிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் டயர் உரசல் கேட்டது. திரும்பினார். பனிக்குள்ளிருந்து பிரதீஸின் வேன் மிதந்து வந்தது. மழைக்குக் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே பொடிசுகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பிரதீஸ் ஒரு கையை ஸ்டேரிங்கிலிருந்து எடுத்து, நிற்காமலே முனியாண்டியைக் கும்பிட்டான்.

“நில்லுடா! பிரதீஸ்! நில்லு!”

அழகர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடினார். பொடிசுகளும் சிரித்துக்கொண்டே அவருக்குக் கையாட்டினார்கள். வேன் பனிக்குள் போய்விட்டது. முதல் முடக்கில் பனியையும் மீறிப் பின்விளக்குச் சிவப்பு ஒரு தடவை எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது. இன்னொரு தடவையும் எரிந்தது. அதன் பிறகு அந்தச் சிவப்பு அணையவே இல்லை; எரிந்தபடியே வேகமாகக் கீழே போனது.

அழகர் ஓடிவந்து வேனில் ஏறி, இரண்டாம் கியரில் இறங்கினார். ஹோர்ன் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. மலை முழுக்க அலறியது. பாதையில் யாராவது இருந்தால் ஒதுங்கட்டும், அது ஒன்றுதான் இப்போது அவரால் செய்ய முடிந்தது. பக்கத்தில் டிலானி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மூன்றாவது முடக்கில் பிரதீஸ் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கம் திருப்பியிருந்தான். வேன் கானுக்குள் இறங்கி, மண்மேட்டில் மூக்கு நசுங்கிச் சாய்ந்து கிடந்தது. உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. அழுகிறார்களே, அழுகிறார்களே என்று அழகர் முனியாண்டியைக் கூப்பிட்டுக்கொண்டே கதவைப் பிடுங்கினார். ஒவ்வொரு பிள்ளையாக இறக்கி டிலானியின் கையில் கொடுத்தார். ஒருத்திக்குக் கை மடங்கித் தொங்கியது. ஒருவனுக்கு நெற்றி கிழிந்து இரத்தம் கண்ணை மறைத்தது. எல்லோருக்கும் உயிர் இருந்தது. கொழுந்து மலையிலிருந்து தாய்மார் கூடையை எறிந்துவிட்டு ஓடிவருவது பனிக்குள் மங்கலாகத் தெரிந்தது.

பிரதீஸின் இரண்டு காலும் முன்பக்கத் தகட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. முழங்காலுக்குக் கீழே பார்க்க முடியவில்லை. முகம் சாம்பலாக இருந்தது; நினைவு இருந்தது. அழகர் அவன் தோளைப் பிடித்தார்.

“கல்லு மாதிரி ஆயிருச்சு மச்சான்” என்றான். பிறகு மேலே, அழகரின் வேன் எஞ்சின் ஓடியபடி நிற்பதைப் பார்த்தான். “நீங்க நின்னது… டிலானிக்கு நேர்த்தி இல்லதானே?”

தாய்மார் வந்துவிட்டார்கள். கை உடைந்த பிள்ளையைத் தூக்கி அணைத்தவள், அழகரின் வாயையே பார்த்தாள். டிலானியும் பார்த்தாள்.

“இல்லடா” என்றார் அழகர். “போன வியாழக்கிழமை எனக்கும் இப்புடித்தான். மயிரிழையில தப்பினோம். அதான் நின்னேன்.”

“வியாழக்கிழமையா?”

“ஆமா.”

பிரதீஸ் கண்ணை மூடிக்கொண்டான். அவன் கோபப்பட்டிருந்தால்கூட அழகர் தாங்கிக்கொண்டிருப்பார்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, மச்சான்” என்றான்.